இயற்கை உணவுக்கு மாறிய பிறகும் ஐ.பி.எஸ். ஏன் அடங்கவில்லை?

வாசகர் கேள்வி – 4 மார்ச் 2024

வயது முப்பத்து நான்கு, கோயம்புத்தூரில் வேலை. ஐ.பி.எஸ். (குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலே வலியும் மலப்போக்கில் மாற்றமும் தரும் குடல் எரிச்சல் நோய்) என்று குடல்நோய் மருத்துவர் உறுதிசெய்துவிட்டார்; கொலோனோஸ்கோப்பியில் குறை எதுவும் இல்லை. மாத்திரைகளை நிறுத்திவிட்டு முழுக்க இயற்கை முறைக்கு மாறினேன். காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், பிறகு பூங்கா வாசலில் விற்கும் கற்றாழைச் சாறு, சிற்றுண்டிக்கு முளைகட்டிய பயறும் பச்சை வெங்காயமும், நடுவில் ஓர் ஆப்பிள், மதியம் வரகரிசிச் சோறு, இரவில் தவிடு சேர்த்த கோதுமைச் சப்பாத்தியும் காளான் குழம்பும். இவற்றில் ரசாயனம் ஏதுமில்லை, எனவே பக்கவிளைவுக்கும் இடமில்லை என்றுதான் நம்பினேன். ஆனாலும் வயிறு முன்னைவிட அதிகமாக உப்புகிறது, ஒரு நாளைக்கு நான்கைந்து முறை போகிறது. உடலில் தேங்கிய நச்சு வெளியேறும்போது முதலில் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள் என்கிறார் என் அத்தை. இன்னும் எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்?

4 மார்ச் 2024, இரவு

எனக்கும் ஐ.பி.எஸ். உண்டு, அதனால் சொல்கிறேன்: பொறுக்க வேண்டியதே இல்லை. வயிறு உப்புவதற்கு நச்சு எதுவும் காரணமில்லை. நீங்கள் எழுதியிருக்கும் உணவுப் பட்டியலிலேயே காரணம் இருக்கிறது. தேன், பயறு, வெங்காயம், ஆப்பிள், கோதுமை, காளான் ஆகிய ஆறும் சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படாத சர்க்கரை வகைகளைக் கொண்டவை. தேனிலும் ஆப்பிளிலும் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் மிகுதி. ஆப்பிளில் சார்பிட்டாலும் உண்டு. காளானில் மேனிட்டால், வெங்காயத்திலும் கோதுமையிலும் ஃப்ரக்டான், பயறு வகைகளில் கேலக்டோ-ஒலிகோசாக்கரைடு. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் 2005-இல் இவை அனைத்தையும் ஒரே குடும்பமாகத் தொகுத்து ஃபாட்மேப் என்று பெயரிட்டார்கள். சிறிய மூலக்கூறுகள் குடலுக்குள் நீரை இழுக்கின்றன. எஞ்சியவற்றைப் பெருங்குடலின் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து வாயுவாக்குகின்றன. இது எல்லோருடைய குடலிலும் நடப்பதுதான். ஐ.பி.எஸ். உள்ளவருடைய குடல் நரம்புகளோ அதே அளவு விரிவை வலியாக உணர்கின்றன.

கற்றாழை இதில் சேராது, அதன் கணக்கு வேறு. கற்றாழை மடலின் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பாலில் இருப்பவை குடலை நேரடியாகத் தூண்டிப் பேதியாக்கும் பொருள்கள். பூங்கா வாசலில் அந்தப் பாலை எத்தனை முறை கழுவி நீக்குகிறார்கள் என்பதை நின்று பார்த்திருக்கிறீர்களா? பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி 2008-இலேயே, ஐ.பி.எஸ். உள்ளவர்கள் கற்றாழையைப் பயன்படுத்த வேண்டாம் என்று தனியாகக் குறிப்பிட்டுவிட்டது. நாளைக் காலை முதல் அதை மட்டும் நிறுத்துங்கள். மற்றவற்றை அடுத்தடுத்துப் பார்ப்போம்.

5 மார்ச் 2024

நேற்றே எழுதியிருக்க வேண்டியது இது. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், இரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை – இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நம் ஊரில் குடல் காசநோயும் அமீபா, ஜியார்டியா தொற்றுகளும் ஐ.பி.எஸ். போலவே தொடங்கும். 1960-களில் வேலூரைச் சுற்றியிருந்த கிராமங்களில் ஊர் ஊராக நீடித்த வயிற்றுப்போக்கு பரவி மக்கள் மெலிந்துபோனபோது, அது ஊட்டம் உறிஞ்சப்படாத ஸ்ப்ரூ என்னும் வேறொரு நோய் என்பதை அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர்தான் ஆராய்ந்து எழுதினார்கள். அதற்கு ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்தான் மருந்தாயின. சீரகத் தண்ணீர் அங்கே உதவியிராது.

ஐ.பி.எஸ். என்று சொல்வதற்கே ஓர் அளவுகோல் உண்டு. குடல்நோய் வல்லுநர்கள் 2016-இல் வெளியிட்ட ரோம் நான்காம் வரையறைப்படி, கடந்த மூன்று மாதங்களாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலி, மலம் கழிப்பது, கழிக்கும் எண்ணிக்கை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டோடாவது தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். விருந்துக்கு மறுநாள் இரண்டு முறை போனால் அதன் பெயர் விருந்து.

5 மார்ச் 2024, மாலை

மாத்திரைகளை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்ததை இப்போதுதான் கவனித்தேன். எந்த மாத்திரை என்று சொல்லவில்லை. மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தியிருந்தால் முதலில் அதைப் பேசி முடியுங்கள். இங்கே எழுதுவதெல்லாம் மருந்தோடு சேர்ந்து நடக்கக்கூடியவைதான்.

9 மார்ச் 2024

வெங்காயமும் பூண்டும் இல்லாமல் தமிழ்ச் சமையல் எப்படி நடக்கும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். விரத நாள் சமையலும் பல வீடுகளின் அன்றாடச் சமையலும் அவை இல்லாமல்தான் நடக்கின்றன; எனவே பதில் நம் அடுக்களையிலேயே பாதிக்குமேல் இருக்கிறது. என் வீட்டில் என்ன மாறியது என்பதை எழுதுகிறேன், உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி திருத்திக்கொள்ளுங்கள்.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டு ரசத்தில் பூண்டுப் பற்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவதால் பயனில்லை. வயிற்றுக்கு ஆகாதது ஏற்கெனவே ரசத்தில் இறங்கியிருக்கும். அதே பூண்டை நல்லெண்ணெயில் போட்டால் மணம் எண்ணெய்க்கு வந்துவிடும், ஃப்ரக்டான் பல்லிலேயே தங்கிவிடும். நான் நான்கைந்து பற்களைத் தோலுரித்து இரண்டாக நறுக்கி, இளஞ்சூட்டில் எண்ணெயில் இட்டு, ஓரங்கள் பொன்னிறமாகத் தொடங்கும்போது கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துவிடுவேன். பிறகு அதே எண்ணெயில் கடுகு வெடிக்கும். பொறுமையிழந்து தீயைக் கூட்டினால் பல் கருகி எண்ணெய் கசந்துவிடும். அவ்வளவுதான் இதன் சிரமம். அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் செய்ய வேண்டும், ஏனென்றால் பூண்டு ஊறிய எண்ணெயை வெளியே நாள்கணக்கில் வைப்பது நச்சுக்கிருமிக்கு இடம் கொடுக்கும்.

சாம்பாரில் சின்ன வெங்காயத்தின் இடத்தை வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி ஓரளவு நிரப்புகிறது. கத்தரிக்காய், வெண்டைக்காய், சௌசௌ, கேரட், உருளைக்கிழங்கு ஆகியவை அளவோடு உண்டால் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. காலிஃபிளவர் வேண்டாம். துவரம்பருப்பை அடர்த்தியாகக் கரைக்காமல் தெளிவாக வைத்தால் ஒரு முறைக்கு வயிற்றுக்குள் போகும் பருப்பு குறைகிறது. சுண்டல் செய்ய வேண்டுமென்றால் கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் வேகவைத்து, வெந்த நீரையும் வடித்துவிட வேண்டும். வாயுவைத் தரும் சர்க்கரையில் ஒரு பங்கு அந்த இரண்டு நீரோடும் போய்விடும். இட்லிமாவு புளிப்பதும் உளுந்துக்கு இதே உதவியைச் செய்கிறது. எனவே இரண்டு இட்லி பொறுத்துக்கொள்ளும் வயிறு, உளுந்தவடையைப் பொறுக்காமல் போகலாம். எண்ணெயும் அங்கே ஒரு காரணம்.

முளைகட்டிய பயறைப் பச்சையாக உண்பது உடலுக்கு நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. உங்கள் உடலுக்கு இப்போது நல்லதா என்பதுதான் கேள்வி. வேகவைத்த பாசிப்பருப்பு ஒரு சிறு கிண்ணம் அதைவிட அமைதியாக உள்ளே போகும்.

9 மார்ச் 2024, சற்றுக் கழித்து

பெருங்காயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று என் அம்மா இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டார். பூண்டின் மணத்துக்கு அதுவே நல்ல மாற்று. கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ஒரு சிட்டிகையில் வரும் கோதுமை ஐ.பி.எஸ். வயிற்றுக்குப் பொருட்டில்லை. கோதுமைப் புரதமே சிறுகுடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்கள் மட்டும் உறையைப் படித்து வாங்குங்கள்.

12 மார்ச் 2024

நார்ச்சத்து. இதைப் பற்றித்தான் நான் முதன்முதலில் எழுத நினைத்தேன். நார்ச்சத்தை அதிகரியுங்கள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவதால் வரும் தீமை கொஞ்சமில்லை.

2009-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, நெதர்லாந்தில் பொது மருத்துவர்களிடம் வந்த 275 ஐ.பி.எஸ். நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இசப்கோல் என்னும் விதை உமி, ஒரு குழுவுக்குக் கோதுமைத் தவிடு, மூன்றாவது குழுவுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, பெயரளவு மருந்து. எல்லாமே நாளொன்றுக்குப் பத்து கிராம். இசப்கோல் குழுவில் தொல்லை குறைந்தது. தவிட்டுக் குழுவில் பலர் வயிறு மோசமாகிறது என்று பாதியிலேயே விலகினார்கள். பெயரளவு மருந்தாக அவர்கள் கொடுத்தது என்ன தெரியுமா? அரிசி மாவு. வயிற்றுக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒன்று வேண்டுமென்று தேடிய ஐரோப்பியர்கள் கடைசியில் நம் சோற்றுப் பானைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

இசப்கோல் நீரில் கூழாகக் கூடியது. கட்டிய மலத்தை இளக்கும், நீர்த்த மலத்தைத் திரட்டும். மற்ற கரையும் நார்களைப் போல விரைவாக நொதிக்காததால் வாயு குறைவு. வட குஜராத்தின் உஞ்சாவும் சித்பூரும் அதன் பெரிய சந்தைகள். உலகத்துக்கே அங்கிருந்துதான் பெரும்பங்கு போகிறது. நம் ஊர் மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும்.

குடிக்கும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு பெரிய டம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி உமியைத் தூவிக் கலக்கியதும் உடனே குடித்துவிட வேண்டும். தொலைபேசியை எடுத்துப் பேசிவிட்டு வந்தால், வெள்ளைத் துகள்கள் நீரையெல்லாம் உறிஞ்சி, டம்ளரைச் சாய்த்தாலும் அசையாத வழவழப்பாக மாறியிருக்கும். அதைக் குடிக்க மனம் வராது. உலர்ந்த உமியை அப்படியே வாயில் போடக் கூடாது, தொண்டையில் அடைக்கும். முதல் வாரம் அரைத் தேக்கரண்டி, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். வேறு மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது.

வரகரிசி, சாமை போன்றவற்றைப் பற்றி: அவை கெட்டவை அல்ல. பயறு, வரகரிசி, தவிட்டுச் சப்பாத்தி என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உண்ணத் தொடங்கியதுதான் உங்கள் வயிற்றுக்குப் புரியவில்லை. எனக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஒத்துக்கொள்கிறது, கம்பு ஒத்துக்கொள்வதில்லை. இதற்கு நான் காரணம் தேடுவதை விட்டுவிட்டேன்.

13 மார்ச் 2024

தேனுக்குப் பதில் என்ன என்று கேட்டவருக்கு: எலுமிச்சை நீரில் வெல்லமோ வெறும் சர்க்கரையோ. ஐ.பி.எஸ். கணக்கில் சர்க்கரை தேனைவிட நல்லபிள்ளை. நீரிழிவு உள்ளவர்கள் உப்புப் போட்டுக் குடியுங்கள். சர்க்கரையில்லாத மிட்டாய்களில் சார்பிட்டால் இருக்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

18 மார்ச் 2024

கேள்வி கேட்ட நண்பர் கோயம்புத்தூரிலிருந்து எழுதியிருக்கிறார். வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு, பழம் அனைத்தையும் விட்டுவிட்டாராம். மூன்று வேளையும் சோறு, ரசம், உருளைக்கிழங்கு. வயிறு அமைதியாக இருக்கிறது, இப்படியே வாழ்நாள் முழுவதும் இருந்துவிடுகிறேன் என்கிறார்.

இருக்கக் கூடாது. ஃபாட்மேப் உணவுகளை விலக்கும் இந்தப் பத்தியத்தைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்துகொண்ட அனைவரும் நிற்கும் இடம் இதுவே. மோனாஷ் பல்கலைக்கழகம் சொல்வது மூன்று கட்டங்கள். விலக்குவது முதல் கட்டம், அதற்கு இரண்டு முதல் ஆறு வாரம் போதும். திரும்பச் சேர்த்துப் பார்ப்பது இரண்டாவது. ஒத்துக்கொண்டவற்றையெல்லாம் உண்டு வாழ்வது மூன்றாவது. முதல் கட்டத்திலேயே தங்கிவிட்டால் குடலில் உள்ள பிஃபிடோபாக்டீரியா போன்ற நன்மைக் கிருமிகள் குறைகின்றன, கால்சியமும் நார்ச்சத்தும் குறைகின்றன, உணவைக் கண்டாலே அஞ்சும் மனநிலை வருகிறது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தட்டில் எத்தனை வகை குறைந்தது என்பதை வெற்றியாக எண்ணத் தொடங்கியவர்களை நான் நேரில் அறிவேன்; அவர்களுடைய வயிறும் அமைதியாக இல்லை.

திரும்பச் சேர்க்கும் முறை இதுதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வகை. முதல் நாள் சிறிதளவு, மறுநாள் சற்றுக் கூடுதலாக, மூன்றாம் நாள் வழக்கமாக உண்ணும் அளவு. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. அதன்பின் அடுத்த வகை. பாலுக்கு ஒரு சோதனை, கோதுமைக்கு ஒன்று, வெங்காயத்துக்கு ஒன்று, பூண்டுக்குத் தனியாக ஒன்று, கொண்டைக்கடலைக்கு ஒன்று, காளானுக்கு ஒன்று. கோதுமையும் வெங்காயமும் ஒரே ஃப்ரக்டான் குடும்பம்தான் என்றாலும் தனித்தனியாகவே சோதிக்க வேண்டும், அளவு வேறுபடுகிறது. நான் தணிக்கைத் துறையில் வேலை செய்பவன். ஒரே நாளில் நான்கு செலவினங்களை ஒரே சீட்டில் எழுதிவைத்தால் எதில் குறை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வயிற்றுக் கணக்கும் அதேதான்.

இந்தக் கணக்கில் எனக்குத் தேறியவை: பால் ஒரு டம்ளர் வரை ஒன்றும் செய்யவில்லை, சப்பாத்தி இரண்டு வரை ஒன்றும் செய்யவில்லை, வதக்கிய வெங்காயம் கொஞ்சம் போலத் தாங்கும், பச்சை வெங்காயம் தாங்காது, காலிஃபிளவர் எந்த வடிவத்திலும் இல்லை. ஆண்டுக்கணக்கில் பாலை விட்டிருந்த எனக்கு அந்த முதல் வரி பெரிய செய்தி.

19 மார்ச் 2024

பால் என்றதும் கேள்விகள் வந்துவிட்டன. தென்னிந்தியர்களில் பலருக்கு வளர்ந்த பிறகு லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவது உண்மை. ஆனால் குறைவது வேறு, அறவே இல்லாமல் போவது வேறு. ஒரு டம்ளர் பாலில் உள்ள ஏறக்குறைய 12 கிராம் லாக்டோஸை, உணவோடு சேர்த்துக் குடித்தால், நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். தயிரில் கிருமிகள் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன, மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. தயிர் முழுக்கப் பாதுகாப்பானது என்று எண்ணிக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டால் பலனைக் காண்பீர்கள். நீர்மோர் அதைவிட எளிது, ஏனென்றால் ஒரு டம்ளர் மோரில் தயிரைவிடத் தண்ணீர்தான் அதிகம்.

பழைய சோற்றைப் பற்றி நான் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது. நன்மைக் கிருமிகளுக்கு அது உணவு, சிலருக்கு அதுவே உப்புசம். உங்கள் வயிற்றில் சோதித்துப் பாருங்கள், ஆனால் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சோதிக்காதீர்கள்.

23 மார்ச் 2024

காலைக் காபி. உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசைவது இயற்கையான அனிச்சைச் செயல். காலையில் அது வலுவாக இருக்கும். காபி அதை இன்னும் முடுக்குகிறது, காஃபின் நீக்கிய காபிகூட. போக்கு மிகுந்தவர்களுக்கு அது தொல்லை, மலம் கட்டிக்கொள்பவர்களுக்கு அதுவே இயற்கை மருந்து. மேலே பேசிய ஃபாட்மேப் கணக்கும் இங்கே நுழைகிறது: நம் ஃபில்டர் காபித் தூளில் கலக்கும் சிக்கரி வேரில் இனுலின் என்னும் ஃப்ரக்டான் ஏராளம். வறுக்கும்போது ஒரு பங்கு சிதைந்துவிடும், மீதி டிகாஷனில் இறங்கும். சட்டப்படி 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கலாம் என்பதால் உறையில் அச்சிட்டிருக்கும் விகிதத்தைப் பாருங்கள். சிக்கரி கலக்காத தூளுக்கு மாறியபின் எனக்குக் காலை உப்புசம் குறைந்தது. காபி சற்றுத் துவர்ப்பாக இருக்கிறது, என் மைத்துனர் அதைக் கஷாயம் என்கிறார்.

மேற்சொன்ன பிரிட்டன் வழிகாட்டி தேநீரும் காபியும் சேர்த்து நாளைக்கு மூன்று கோப்பைக்குள் நிறுத்தச் சொல்கிறது. நம் டவரா அளவுக்கு நான்குகூட அந்த எல்லைக்குள் அடங்கலாம்.

30 மார்ச் 2024

மனம் பற்றி எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். டென்ஷனைக் குறையுங்கள் என்ற சொல்லைக் கேட்டுச் சலித்துப்போனவர்கள்தான் இங்கே வந்திருக்கிறார்கள். அந்தச் சொல்லில் நோயைக் கற்பனை என்று ஒதுக்கும் தொனி இருக்கிறது. நோய் கற்பனை அன்று. எனக்கு இது ஒரு திருமண விருந்தில் உண்ட உணவு நஞ்சாகிக் கடும் வயிற்றுப்போக்கு வந்ததற்குப் பிறகே தொடங்கியது. கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்து வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் குடிநீரில் கிருமிகள் கலந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அந்தத் தொற்றுக்கு ஆளானவர்களில் ஐ.பி.எஸ். வந்தவர்கள், ஆளாகாதவர்களைவிட மிக அதிகமாக இருந்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்தும் பலருக்கு அது நீடித்தது. கிருமி போய்விட்டது, குடல் நரம்புகள் மட்டும் எச்சரிக்கை நிலையிலேயே நின்றுவிட்டன.

அப்படி நிற்கும் நரம்புகளைத் தணிக்க மூளை வழியாகவும் போகலாம் என்பதுதான் மனம் சார்ந்த சிகிச்சைகளின் பொருள். மான்செஸ்டரில் குடல்நோய் மருத்துவர் பீட்டர் வோர்வெல் 1984-இல் முப்பது நோயாளிகளிடம் அறிதுயில் (ஹிப்னாசிஸ்) சிகிச்சையைச் சோதித்துப் பெரும் முன்னேற்றத்தைக் காட்டினார். 2016-இல் மெல்பர்னில் 74 பேரை வைத்து அறிதுயிலையும் ஃபாட்மேப் பத்தியத்தையும் ஒப்பிட்டபோது இரண்டும் ஏறக்குறைய சமமான பலனைத் தந்தன. 2018-இல் ஜெர்மனியில் யோகாசனத்தையும் அதே பத்தியத்தையும் ஒப்பிட்டார்கள், அங்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அறிதுயில் சிகிச்சை நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதில்லை. யோகம் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. வயிற்றை எக்கிப் பிசையும் வேகமான பயிற்சிகளை நான் செய்வதில்லை. மல்லாந்து படுத்து, தொப்புளுக்கு மேல் கையை வைத்து, மூச்சை இழுக்கும்போது கை உயர்வதையும் விடும்போது தாழ்வதையும் கவனிப்பேன். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாத புதிய அலுவலகத்துக்குத் தணிக்கைக்குப் போகும் காலைகளில் இது இசப்கோலைவிட உதவியிருக்கிறது.

31 மார்ச் 2024

அப்படியானால் ஓம வாட்டர், சீரகத் தண்ணீர் எல்லாம் வெறும் நம்பிக்கையா என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். வெறும் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கேப்ட்சக் குழுவினர் எண்பது ஐ.பி.எஸ். நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம், இந்த மாத்திரையில் மருந்தே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். 59 சதவீதம் பேருக்குப் போதிய ஆறுதல் கிடைத்தது. மாத்திரை பெறாதவர்களில் 35 சதவீதம் பேருக்கு. அம்மா ஓமத்தை வறுத்துப் பொடித்து வெந்நீரில் கலந்து கொடுக்கும்போது ஓமமும் வேலை செய்யலாம், அந்தக் கையும் வேலை செய்யலாம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் அவசரம் எனக்கில்லை, இரண்டுமே பேதியாக்குவதில்லை.

6 ஏப்ரல் 2024

மூலிகைகளைப் பற்றிக் கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

ஆய்வுகள் அதிகம் நடந்தது மிளகுக்கீரை (பெப்பர்மின்ட்) எண்ணெயில். அதில் உள்ள மெந்தால் குடல் தசையை இளக்குகிறது. வலிக்கும் பிடிப்புக்கும் உதவுகிறது. அதைக் குடலில் கரையும் உறையிட்ட குளிகையாகவே எடுக்க வேண்டும், வயிற்றில் கரைந்தால் நெஞ்செரிச்சல் வரும். நம் வீட்டுப் புதினா வேறு செடி, அதில் மெந்தால் மிகக் குறைவு. புதினாத் துவையல் நல்ல துவையல். அதனிடம் குளிகையின் வேலையை எதிர்பார்க்க வேண்டாம்.

சித்த மருத்துவத்தில் கழிச்சலுக்குத் தயிர்ச்சுண்டி சூரணமும், மந்தத்துக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், ஏலம் சேர்ந்த பஞ்ச தீபாக்கினி சூரணமும் வழக்கில் உள்ளவை. சூரணம் என்ற பெயரைப் பார்த்ததும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடாதீர்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவும் இருக்கும்போது, பதிவுபெற்ற மருத்துவரிடம் நாடி காட்டிவிட்டு வாங்குவதில் சிரமமில்லை.

நான் கடுமையாக எதிர்ப்பது மலச்சிக்கலுக்கென்று விற்கும் பெயர் தெரியாத பொடிகளை. பெரும்பாலானவற்றில் நிலாவரை இருக்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாகும் அதே இலை. எப்போதாவது எடுத்தால் நல்ல பேதி மருந்து. ஐ.பி.எஸ். உள்ளவர் நாள்தோறும் எடுத்தால் வயிற்றைப் பிசைந்து எடுக்கும். நாம் தொடக்கத்தில் பேசிய கற்றாழைப் பாலும் இதுவும் வேதியியலில் ஒரே குடும்பம். கட்டிக்கொள்பவர்கள் முதலில் இசப்கோலையும், போதிய நீரையும், காலை உணவுக்குப் பின் அவசரமின்றிப் பத்து நிமிடம் உட்காருவதையும் முயன்று பாருங்கள். மேற்கத்தியக் கழிப்பறையானால் காலுக்கடியில் ஒரு சிறு முக்காலி போட்டுக்கொண்டால் குந்தி உட்காரும் நிலை ஓரளவு கிடைக்கும்.

7 ஏப்ரல் 2024

விளக்கெண்ணெயை நாள்தோறும் எடுக்கலாமா என்று கேட்டவருக்கு: அதுவும் நிலாவரை போலத்தான், எப்போதாவது மட்டும்.

21 ஏப்ரல் 2024

நண்பர் மறுபடியும் எழுதியிருக்கிறார். கோதுமையும் பாலும் சோதனையில் தேறிவிட்டன, காளான் தேறவில்லை, வெங்காயச் சோதனை பாதியில் நிற்கிறது. இதற்கிடையில் அடுத்த வாரம் பொள்ளாச்சியில் சித்தப்பா மகளுக்குத் திருமணம், அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறச் சொல்வார், என்ன செய்வது என்று கேட்கிறார்.

வெங்காயச் சோதனையை நிறுத்திவிட்டுத் திருமணம் முடிந்தபின் முதலிலிருந்து தொடங்குங்கள். அங்கே உண்ணும் கலவையில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. முகூர்த்தத்துக்காக வெறும் வயிற்றோடு காத்திருந்து நண்பகலில் முழு இலையையும் உண்பதுதான் பெரிய கேடு. ஆகவே காலைச் சிற்றுண்டியை விடாதீர்கள். இட்லியும் தேங்காய்ச் சட்னியும் போதும், சாம்பாரை ஊற்றவிடாதீர்கள், வெண்பொங்கல் அளவாக இருக்கட்டும். மதியம் சோறு, மோர்க்குழம்பு இருந்தால் அது, உருளைக்கிழங்கு வறுவல், அவியலில் காய்கள், அப்பளம், மோர். காளான் பிரியாணி வந்தால் அத்தை என்ன சொன்னாலும் கையை இலைக்கு மேல் நீட்டி மறித்துவிடுங்கள். பாயசம் பாலிலும் சேமியாவிலும் செய்ததாக இருந்தாலும் உங்களுக்கு இரண்டுமே தேறியவைதான், ஒரு கிண்ணம் குடிக்கலாம்.

பீடா வேண்டாம் என்று சொல்ல வந்தேன். வெற்றிலையும் சோம்பும் மட்டும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள்.